மாயாண்டியின் காகிதத்துக்கு நான் வைத்த முத்திரை

என் பெயர் தேவசேனா, வயது 48, தகப்பனார் பெயர் குருநாதன். சொந்த ஊர் பழனி. தற்சமயம் கொடைக்கானலில் அரசு அலுவலர் குடியிருப்பில் தனியாக வசித்து வருகிறேன். தோட்டக்கலையில் முதுகலைப் பட்டம் பெற்று அதே துறையில் உதவி இயக்குநராகப் பணிபுரிகிறேன். சான்றொப்பமிடும் அதிகாரம் உள்ள அலுவலர். நீதித்துறை நடுவர் அவர்கள் முன் 13.03.2025 அன்று உறுதிமொழி எடுத்துக்கொண்டு, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன்.

மாயாண்டி என்பவர் தம் மருத்துவ விருப்ப ஆவணத்தில் என் கண்ணெதிரே கையெழுத்துப் போட்டாரா என்று காவல் ஆய்வாளர் என்னிடம் மூன்று முறை கேட்டார். நடுவர் அவர்களும் இன்று முதல் கேள்வியாக அதையே கேட்டார்கள். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எனக்கு நினைவில்லை. இந்த வழக்கில் மாயாண்டியின் மகள் ஆனந்தி சிறையில் இருப்பதற்கு என் நினைவின்மையும் ஒரு காரணம் என்பதால், எனக்கு நினைவில் உள்ளவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

இறந்துபோன மாயாண்டிக்கு வயது 63. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பன்னிரண்டு வயதில் பெற்றோருடன் தாயகம் திரும்பி, தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டங்களில் வேலை செய்தவர். பதினோரு வருடம் எங்கள் நாற்றுப் பண்ணையில் தினக்கூலியாக ஒட்டுக் கட்டும் வேலை பார்த்தார். அவர் கட்டிய ஒட்டு நூற்றுக்குத் தொண்ணூறு பிடிக்கும். என்னைத் தொரசாணி என்று கேலியாகக் கூப்பிடுவார். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஆனாலும் அவர் கேலியை நான் தடுத்ததில்லை.

2022ஆம் வருடம் அவர் மனைவி சுப்பம்மா மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு, செயற்கை சுவாசக் கருவியில் நாற்பத்தொரு நாள் இருந்து இறந்தார். அதன் பிறகு மாயாண்டி வேலைக்கு வந்த முதல் நாள், ஒட்டுக்கத்தியைத் தீட்டிக்கொண்டே, ‘கொழாயப் புடுங்கிருவான்னு ரெண்டு கையையும் கட்டில்ல கட்டிப் போட்டுருந்தாங்க தொரசாணி. நாப்பத்தோரு நாளும் நான் அந்தக் கட்டத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்’ என்றார்.

அதன் பிறகு 2023 கடைசியில் தாண்டிக்குடியில் நடந்த சட்ட உதவி முகாமில் ஒரு வழக்கறிஞர், மீள முடியாத நிலையில் தனக்குச் செயற்கை சுவாசம் வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்றும், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியோ சான்றொப்ப அதிகாரம் உள்ள அலுவலரோ உறுதி செய்தால் போதும் என்றும், முன்பு போல நடுவரிடம் போக வேண்டியதில்லை என்றும் சொல்லியிருக்கிறார். மாயாண்டி அதைக் கேட்டுவிட்டு வந்து என்னிடம் இரண்டு சந்தேகம் கேட்டார். அப்படி எழுதினால் கண்ணையும் மற்ற உறுப்பையும் தானமாகக் கொடுக்க முடியுமா என்பது ஒன்று. எனக்குத் தெரியாது என்றேன். காய்ந்த குச்சி ஒட்டில் பிடிக்காது, உயிர்ப்பசை இருக்கும்போதே வெட்ட வேண்டும், மனுசனுக்கும் அப்படித்தானா என்பது இன்னொன்று. மருத்துவரைக் கேளுங்கள் என்றேன். இந்த உரையாடல் நன்றாக நினைவிருக்கிறது.

14.03.2024 அன்று தாண்டிக்குடி முகாம் அலுவலகத்தில் மானிய விண்ணப்பங்கள் வாங்கினோம். தேர்தல் அறிவிப்பு எந்த நாளும் வரலாம் என்பதால் எல்லாவற்றையும் அன்றே அனுப்ப வேண்டியிருந்தது. எழுபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். நகலுக்கு விண்ணப்பதாரரே சான்றளித்தால் போதும் என்று ஆகிப் பல வருடம் ஆனாலும், எங்கள் பகுதியில் ஜெராக்ஸ் என்றால் அதில் முத்திரை விழுந்தால்தான் மனம் ஆறும். அலுவலக உதவியாளர் செந்தில்வேல் வருகிற காகிதங்களை எல்லாம் வாங்கி, ‘உண்மை நகல்’ முத்திரையை முதலிலேயே குத்தி, கட்டாக என் மேசையில் வைப்பார். நான் முத்திரைக்குக் கீழே பச்சை மையில் கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிடுவேன். ஒரு கை கையெழுத்துப் போடும்போது இன்னொரு கையில் தொலைபேசி இருக்கும். அன்றும் திண்டுக்கல்லிலிருந்து கூட்டம் தொலைபேசியிலேயே நடந்துகொண்டிருந்தது. இந்த முறையை ஏற்படுத்தியது நான்தான், செந்தில்வேல் அல்ல.

அன்று மாயாண்டி வந்தார். அவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தது நினைவிருக்கிறது. போகும்போது அவர் சொன்னதும் நினைவிருக்கிறது. ‘எங்க தோட்டத்துல தொரை கையெழுத்து வச்சா பொணமும் பிரட்டுக்கு எந்திரிச்சு நிக்கும். தொரசாணி கையெழுத்துக்கு நான் படுத்தாப் போதும்’ என்றார். பிரட்டு என்பது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பதற்காக நிற்கிற வரிசை. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எதற்காக அப்படிச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அதற்கு முன் அவர் என் மேசையில் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு நினைவில்லாத பகுதி.

10.02.2025 அன்று மாயாண்டி ஒரு தனியார் தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருந்த கொடியில் மிளகு பறிக்கும்போது, ஒற்றை மூங்கில் ஏணி சறுக்கிக் கீழே விழுந்து தலையில் அடிபட்டது. அவர் தங்கை மகன் சிவமுருகன் தாண்டிக்குடியில் ஜீப் ஓட்டுகிறவர். அவருடைய ஜீப்பிலேயே கொண்டுபோய் வத்தலக்குண்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அன்றே சுவாசக் குழாய் போடப்பட்டது. விபத்து என்பதால் காவல் நிலையத்துக்கும் தகவல் போனது. மதுரையிலிருந்து வந்து பார்த்த நரம்பியல் மருத்துவர், நினைவு திரும்ப வாய்ப்பில்லை என்று ஆனந்தியிடம் சொல்லிவிட்டார். ஆனந்திக்கு வயது 34. கொடைக்கானலில் ஒரு பள்ளி விடுதியில் சமையல் வேலை. மாயாண்டிக்கு அவர் ஒரே பிள்ளை.

ஆனந்தி பன்னிரண்டாம் நாள் தகப்பனாரின் காகிதத்தை மருத்துவமனையில் காட்டினார். அது என் முத்திரை வைத்த ஜெராக்ஸ். மாயாண்டி அதை லேமினேஷன் செய்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். அசலைப் பற்றி ஆனந்திக்குத் தெரியவில்லை. முத்திரை எதில் இருக்கிறதோ அதுதான் செல்லும் என்று மாயாண்டி நினைத்திருக்கிறார். இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. பட்டா முதல் சாதிச் சான்று வரை எங்கள் பகுதியில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

மருத்துவமனையில் இது செல்லாது, நடுவரின் உத்தரவு வாங்கி வா என்று சொன்னதால், ஆனந்தி 24.02.2025 அன்று என் அலுவலகத்துக்கு வந்தார். நான் யார் சொல்வதையும் படித்துப் பார்க்காமல் நம்புகிறவள் அல்ல. எனவே 2023இல் திருத்தப்பட்ட உச்ச நீதிமன்ற நெறிமுறைகளைத் தேடி எடுத்துப் படித்தேன். மருத்துவமனை மூன்று மருத்துவர் கொண்ட குழு அமைக்க வேண்டும், அதன் பிறகு இரண்டாவது குழு பார்க்க வேண்டும், இரண்டு குழுவும் ஒப்புக்கொண்டால் நடுவருக்குத் தகவல் தந்துவிட்டுக் கருவியை எடுக்கலாம் என்று அதில் இருந்தது. அதை அச்செடுத்துக்கொண்டு மறுநாள் ஆனந்தியுடன் மருத்துவமனைக்குப் போனேன்.

அங்கே பணி மருத்துவர் ஷர்மிளா என்பவர் எங்களை உட்கார வைத்துப் பேசினார். முப்பது வயதுக்குள் இருக்கும். நான் கொடுத்த பக்கங்களை நின்றுகொண்டே படித்துவிட்டு, ‘படிக்கிறப்ப இதுக்கு ஒரே ஒரு கிளாஸ் மேடம். பரீட்சைக்கு வராதுன்னு விட்டுட்டோம்’ என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்பதால் அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அதன் பிறகு மருத்துவமனை நிர்வாகி வந்து, காகிதத்தில் உறுப்பு தானம் என்று எழுதியிருப்பதால் கருவியில் வைத்திருந்தே ஆகவேண்டும் என்றார். மூளைச்சாவு அடைந்துவிட்டாரா என்று கேட்டேன். இல்லை, இடையிடையே தானாக மூச்சு இழுக்கப் பார்க்கிறார் என்று ஷர்மிளா சொன்னார். அப்படியானால் சிறுநீரகம் முதலியவற்றை எடுக்கும் பேச்சே எழாது, கண் தானத்தை இறந்த பிறகு ஆறு மணி நேரத்துக்குள் செய்யலாம், இரண்டையும் ஏன் கலக்கிறீர்கள் என்று கேட்டேன். நிர்வாகி, ‘உங்க சோலி சீல் வைக்கிறதோட முடிஞ்சது மேடம், மத்தத எங்ககிட்ட விடுங்க’ என்றார்.

அதன் பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் போய் மாயாண்டியைப் பார்த்தேன். அவர் விரலைக்கூட அசைக்க முடியாத நிலையில் இருந்தார். ஆனாலும் இரண்டு மணிக்கட்டும் கட்டுத்துணியால் கட்டில் கம்பியோடு கட்டப்பட்டிருந்தன. குழாய் போட்டால் கட்டுவது வழக்கம் என்று செவிலியர் சொன்னார். ஆனந்தி இரண்டையும் அவிழ்த்தார். தான் ஒவ்வொரு முறை வரும்போதும் அவிழ்ப்பதாகவும், அடுத்த முறை வரும்போது மறுபடி கட்டியிருப்பதாகவும் சொன்னார்.

03.03.2025 அன்று மருத்துவமனை தன் சட்ட ஆலோசகரைக் கேட்டுவிட்டு எங்களை அழைத்தது. நான் சொன்ன சட்டம் சரிதான் என்று அந்த ஆலோசகர் ஒப்புக்கொண்டார். ஆனால் இந்தக் காகிதத்தில் இருப்பது நகலுக்கான முத்திரை, எழுதியவர் சுயமாகக் கையெழுத்திட்டார் என்பதற்கான சான்று அல்ல, ஆகவே மாயாண்டி என் முன்னால் மனமுவந்து கையெழுத்திட்டார் என்று நான் ஒரு கடிதம் கொடுத்தால் மறுநாளே குழு அமைக்கச் சொல்கிறேன் என்றார். சாட்சிகள் இருவரும் பண்ணைத் தொழிலாளர்கள். அவர்களை விசாரித்தேன். தங்கள் கையெழுத்தை முன்பே போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே வரிசையில் நின்றதாகச் சொன்னார்கள்.

மருத்துவமனை வாசலில் ஆனந்தி என்னிடம், ‘ஞாபகம் இருக்குன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க மேடம். எங்கப்பா அடுத்தவுகள வச்சுக் கையெழுத்துப் போடுற ஆளா? உங்களுக்குத் தெரியாதா?’ என்று கேட்டார். தெரியும், ஆனால் பார்த்தேனா என்பது நினைவில்லை என்றேன். ‘இருபத்தோரு நாளா வெறும் ஒடம்பாக் கெடக்காரு. நீங்க ஞாபகப்படுத்திக்கிட்டு இருங்க’ என்றார். அவர் குரலை உயர்த்தவில்லை. நாளைக் காலையில் கடிதத்துடன் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அது என்ன கடிதம் என்று நான் சொல்லவில்லை. அவர் அதில் தனக்கு வேண்டிய அர்த்தத்தை எடுத்துக்கொண்டிருப்பார், அல்லது எடுத்துக்கொள்ளாமல் இருந்திருப்பார்.

அன்று மாலை வீட்டில் நான் எழுதிய கடிதம் இதுதான்: மேற்படி நகலில் உள்ள கையெழுத்து என்னுடையது, மூல ஆவணம் என் முன்னிலையில் கையெழுத்திடப்பட்டதா என்பதை என்னால் உறுதி கூற இயலவில்லை. பார்த்ததாக நினைவில்லாத ஒன்றைப் பார்த்தேன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஒரு வருடத்துக்கு முன் படிக்காத காகிதத்தில் கையெழுத்துப் போட அதே கை வந்தது. கடிதத்தை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

04.03.2025 காலை ஒன்பதரை மணிக்கு நான் மருத்துவமனைக்குப் போனபோது மாயாண்டியின் கட்டில் காலியாக இருந்தது. லோஷன் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எட்டே முக்காலுக்கு ஆனந்தி தகப்பனாரை ஆம்புலன்ஸில் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டதாக ஷர்மிளா சொன்னார். நிர்வாகி எனக்கு ஒரு படிவத்தைக் காட்டினார். மருத்துவ ஆலோசனைக்கு எதிராகச் சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறேன் என்று அச்சிட்ட நான்கு வரி. அடியில் ஆனந்தியின் கையெழுத்தும் மருத்துவமனை முத்திரையும் இருந்தன. பத்து நாளுக்கு மேல் மாயாண்டியின் காகிதத்தை ஏற்காதவர்கள் இந்தப் படிவத்தைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். கருவியைக் கழற்றி, குழாயில் கையால் அழுத்தும் மூச்சுப் பையை மாட்டி, எப்படி அழுத்துவது என்று ஆனந்திக்கு ஒருமுறை செய்து காட்டியிருக்கிறார்கள். கூடச் செவிலியர் யாரும் போகவில்லை. இப்படித்தான் எல்லா இடத்திலும் நடக்கிறது, இதற்குச் சட்டம் தேவைப்படுவதில்லை என்று ஷர்மிளா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

உடனே என் வாகனத்தில் தாண்டிக்குடி மலைப்பாதையில் போனேன். பதினொன்றுக்குச் சற்று முன், ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு மேலே தண்ணீர்த் தொட்டி இருக்கும் இடத்தில் ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. ஓட்டுநர் கீழே நின்றிருந்தார். ஆனந்தி சாலையோரக் கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தார். மூச்சுப் பை அவர் மடியில் இருந்தது. மாயாண்டி இறந்து அரை மணி நேரம் ஆகியிருந்ததாக ஓட்டுநர் சொன்னார். மாயாண்டியின் மணிக்கட்டில் கட்டு எதுவும் இல்லை.

ஆனந்தி என்னைப் பார்த்து, ‘லெட்டர் கொண்டாந்தீங்களா மேடம்?’ என்று கேட்டார். கொண்டு வந்தேன் என்றேன். என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. அதற்குள் தகவல் தெரிந்து சிவமுருகன் ஜீப்பில் வந்து, யாரைக் கேட்டுக் கூட்டி வந்தாய், ஏன் பையை அழுத்துவதை நிறுத்தினாய் என்று அவரைச் சத்தம் போட்டார். அதற்கு ஆனந்தி, ‘கை ஓஞ்சு போச்சு மச்சான். ஓஞ்சுச்சா, நானா விட்டேனான்னு எனக்கே தெரியல’ என்றார். இதைச் சொல்லாமல் விடலாமா என்று யோசித்தேன். உறுதிமொழி எடுத்திருப்பதால் சொல்கிறேன். இதைக் கேட்ட பிறகுதான் சிவமுருகன் காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொன்னார்.

அதன் பிறகு காவலர்கள் வந்து உடலை அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். நானும் போனேன். ஆனந்தி காவல் வாகனத்தில் இருந்தார். அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். கண்ணையாவது கொடுக்க வேண்டும், ஆறு மணி நேரம் என்று சொன்னீர்களே என்றார். அங்கே ஜெயப்பிரியா என்ற செவிலியர் பணியில் இருந்தார். நான் லேமினேஷன் காகிதத்தை எடுக்கப் போனபோது, இதற்குக் காகிதம் தேவையில்லை, மகள் சம்மதித்தால் போதும், விபத்து வழக்கு என்பதால் காவல்துறையின் ஆட்சேபணையின்மைக் கடிதம் மட்டும் வேண்டும் என்றார். மாயாண்டியின் இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைத்து, தலையை உயர்த்தி வைத்து, கண் வங்கிக்குத் தானே பேசி, படிவத்தோடு காவல் வாகனத்தின் ஜன்னலுக்குப் போய் ஆனந்தியிடம் கையெழுத்து வாங்கினார். அதற்கு முன் படிவத்தை முழுவதும் அவருக்கு வாசித்துக் காட்டினார். ‘வெரசா வந்துருங்க சார், மூணு மணிக்குள்ள’ என்று தொலைபேசியில் அவர் சொன்னது கேட்டது. இரண்டே முக்காலுக்கு வந்து எடுத்துவிட்டார்கள். அந்த இருபத்திரண்டு நாளில் தன் வேலையைப் பற்றிய சட்டத்தைத் தெரிந்துவைத்திருந்த ஒருவரை நான் பார்த்தது அப்போதுதான்.

காத்திருந்த நேரத்தில் ஜெயப்பிரியாவிடம் கேட்டு, பயிற்சிக்கு வைத்திருந்த பொம்மையில் நான் அந்த மூச்சுப் பையை அழுத்திப் பார்த்தேன். பதினோரு நிமிடத்தில் என் விரல்கள் மரத்துப்போயின. ஆனந்தி வளைவுகளில் ஆடும் வண்டியில் ஒன்றே முக்கால் மணி நேரம் தனியாக அழுத்தியிருக்கிறார். அவர் கை தானாக நின்றதா, அவர் நிறுத்தினாரா என்பதை அங்கே இல்லாத யாரும் சொல்ல முடியாது. இருந்தவராலும் சொல்ல முடியவில்லை. அன்று மாலை அவர் கைது செய்யப்பட்டார்.

மறுநாள் 05.03.2025 அன்று பிரேதப் பரிசோதனை முடிந்து உடலைச் சிவமுருகன் பெற்றுக்கொண்டார். நான் தாண்டிக்குடியில் மாயாண்டியின் வீட்டுக்குப் போனேன். ஆனந்திக்கு வர அனுமதி கிடைக்கவில்லை. மண்வெட்டியோடு நின்ற ஆட்கள் என்னைப் பார்த்து வழிவிட்டார்கள். இறப்புப் பதிவுக்கு ஆதார் அட்டை வேண்டும் என்பதற்காகச் சிவமுருகன் மாயாண்டியின் தகரப் பெட்டியைத் திறந்து தேடினார். அடியில் ஒட்டுக்கத்தியைச் சுற்றி ஒரு காகிதம் இருந்தது. பிரித்துப் பார்த்துவிட்டு, ‘இது அந்தக் காயிதத்தோட அசல்தான மேடம்?’ என்று என்னிடம் நீட்டினார். அசல்தான். அலுவலர் சான்றளிக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. சாட்சிகள் இருவரின் கையெழுத்தும் நீல மையில் இருந்தன. மாயாண்டியின் கையெழுத்து பச்சை மையில் இருந்தது.

ஜெராக்ஸில் எல்லாமே கறுப்பு. எனவே யாருக்கும் தெரியவில்லை. பச்சை மைப் பேனா வத்தலக்குண்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த முகாம் அலுவலகத்தில் அன்று பச்சைப் பேனா ஒன்றுதான் இருந்தது, அது என் கையில் இருந்தது. நான் அதை அவரிடம் கொடுத்திருக்கிறேன். அவர் என் மேசையில் குனிந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எதிரே கடைக்குப் போய் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு மறுபடி வரிசையில் நின்றிருக்க வேண்டும். இவ்வளவும் ஊகம். இப்போதும் எனக்கு நினைவு வரவில்லை. சிவமுருகன் தான் கொடுத்த புகாரைப் பற்றி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அசலை நடுவரிடம் ஒப்படைக்கச் சொல்லி என் கையிலேயே கொடுத்துவிட்டுக் குழிக்குப் போனார். அதையும் இத்துடன் ஒப்படைக்கிறேன்.

இதில் எழுதப்பட்டிருப்பவை நான் கண்டதும் கேட்டதும்தான். ஊகம் என்று சொன்னவை ஊகம். எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது போதாது என்று கேட்டு வாங்கி, ஆறு பக்கத்தையும் நானே இருமுறை படித்தேன். அதன் பிறகு, நடுவர் அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நீதிமன்றம் கொடுத்த நீலப் பேனாவால் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டேன்.

(ஒப்பம்)
கு. தேவசேனா
13.03.2025